புதுப்பிப்பு: பைடெஸ்ட் ஓடி முடிய 14 நிமிடம் எடுத்த சிக்கல் தீர்ந்தது

எங்கள் பைத்தான் திட்டத்தின் யூனிட் டெஸ்டுகள் (நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சரிபார்ப்பவை) பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் ஓடி முடிய 14 நிமிடம் ஆகிறது என்று சென்ற மாதம் இங்கே புலம்பியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில், மிக மெதுவான பத்தைப் பட்டியலிடும் '--டியூரேஷன்ஸ்=10' கொடுத்து ஓட்டினேன். மெதுவான பத்தில் எட்டு, சோதனைக்கு முந்தைய ஆயத்தத்திலேயே நேரத்தைத் தின்றிருந்தன. "ஃபிக்ஸ்சரின் ஸ்கோப்பைப் பாருங்கள்" என்றவரின் கணிப்பே சரி. ஃபிக்ஸ்சர் என்பது டெஸ்டுக்குத் தேவையானதைத் தயார்செய்து தரும் ஃபங்ஷன்; அது எப்போதெல்லாம் புதிதாக ஓடும் என்பதைச் சொல்வது ஸ்கோப். ஸ்கோப் குறிப்பிடாவிட்டால் ஃபிக்ஸ்சர் ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதிதாக ஓடும். நாங்கள் தரவுத்தளத்தை ஒவ்வொரு முறையும் கட்டி இடித்துக்கொண்டிருந்தோம்! அந்த ஃபிக்ஸ்சரை, டெஸ்டுகள் பொதுவாகப் பகிரும் கான்ஃப்டெஸ்ட் கோப்புக்கு மாற்றி, ஸ்கோப்பை 'செஷன்' (முழு ஓட்டத்துக்கும் ஒருமுறை) ஆக்கி, ஒவ்வொரு டெஸ்டின் முடிவிலும் ரோல்பேக் செய்தேன், அதாவது அது தரவில் செய்த மாற்றங்களைத் திரும்பப் பெற்றேன். 4 நிமிடத்துக்கு இறங்கியது.

அடுத்து வந்ததுதான் எதிர்பாராதது. டெஸ்டுகளைப் பல வொர்க்கர்களுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனிப் புராசஸ்களுக்கு) பிரித்துக்கொடுக்கும் எக்ஸ்டிஸ்ட் செருகுநிரலை நிறுவி, '-என் ஆட்டோ' என்று இணையாக ஓட்டியதும், அதுவரை தேறிய டெஸ்டுகள் தாறுமாறாகத் தோற்றன. அங்கே செஷன் ஸ்கோப் என்றால் ஒவ்வொரு வொர்க்கருக்கும் ஒருமுறை. எல்லா வொர்க்கர்களும் ஒரே பெயருள்ள தரவுத்தளத்துக்கு அடித்துக்கொண்டன. 'வொர்க்கர்_ஐடி' ஃபிக்ஸ்சர் தரும் ஜிடபிள்யூ0, ஜிடபிள்யூ1 போன்ற வொர்க்கர் பெயர்களைத் தரவுத்தளப் பெயரோடு ஒட்டியதும் சண்டை ஓய்ந்தது. இப்போது 70 வினாடி.

மெதுவான டெஸ்டுகளைத் தனிக் கோப்புறைக்கு நகர்த்தும் யோசனையை முயலவில்லை, தேவைப்படவில்லை.