திருகோணமலையில் வெப்சைட் செய்தவர்களும் செய்வித்தவர்களும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உவர்மலை, வெப் வேலை செய்பவர்

எங்கள் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய வெப்சைட் முகவரியை இப்போது தட்டினால் சூதாட்டப் பக்கம் திறக்கும். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அது எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். பிறகு உங்கள் கதைகளையும் போடுங்கள்.

அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்தது கனடாவில் இருக்கும் பழைய மாணவர் சங்கக் கிளை. நல்ல மனதோடுதான் செய்தார்கள். டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரை, அங்குள்ள அண்ணை ஒருவர் தன் கார்டில் வாங்கி, தன் சொந்த மின்னஞ்சலில் பதிந்தார். சில வருடங்களில் கிளையின் நிர்வாகம் மாறியது, அந்த அண்ணை ஒதுங்கிவிட்டார், கார்டும் காலாவதியானது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் அவர் திறந்தே பார்க்காத பெட்டியில் போய் விழுந்துகொண்டிருந்தன.

டொட் கொம் பெயர் காலாவதியான அன்றே கைவிட்டுப் போவதில்லை. பதிவு செய்த நிறுவனம் பொதுவாகச் சில வாரம் பொறுக்கும். அதன்பிறகு 30 நாள் மீட்புக் காலம், மேலதிகக் கட்டணம் கட்டினால் திருப்பி எடுக்கலாம். அதுவும் முடிந்தால் 5 நாள் கழித்துப் பெயர் சந்தைக்கு வரும். அவ்வளவு காலமும் அதிபர் சேர் "கனடாக்காரர் பார்ப்பினம்" என்று இருந்தார். கனடாவில் "பள்ளிக்கூடம் பார்க்கும்" என்று இருந்தார்கள்.

இப்படி விடுபடும் பெயர்களை வாங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பல வருடமாகச் செய்தித்தளங்களும் மற்றப் பாடசாலைகளும் அந்த முகவரிக்கு இணைப்புக் கொடுத்திருக்கும், அதனால் கூகுளிடம் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும். சூதாட்டக்காரன் வாங்கியது அந்த மதிப்பைத்தான், பள்ளிக்கூடத்தை அல்ல.

என்னைக் கூப்பிட்டது இதெல்லாம் முடிந்த பிறகு. பழைய வெப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேய்பேக் மெஷினில் தேடியதில் எழுத்துகள் பெரும்பாலும் கிடைத்தன, படங்களில் பாதி இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டி அணிநடைப் படங்கள் முழுவதும் போய்விட்டன. புதிய முகவரியை எஸ்சிஎச் டொட் எல்கே (.sch.lk) என்று முடிவதாக எடுத்தோம். அது பாடசாலைகளுக்கென்று ஒதுக்கிய பிரிவு. மின்னஞ்சலை ஆளின் பெயரில் திறக்காமல் 'அதிபர்' என்ற பதவியின் பெயரில் திறந்தேன். பாஸ்வேர்ட் அலுவலக அலுமாரியில் இருக்கும் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. இது பாதுகாப்பு இல்லை என்று சில நண்பர்கள் சிரிக்கிறார்கள். அதிபர் மாறும்போது அலுமாரிச் சாவி கட்டாயம் கைமாறும், ஆளின் சொந்த மின்னஞ்சல் கைமாறாது. எனக்கு அது போதும்.

வடிவமைப்புப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் முதல் பக்கத்தில் அதிபர் செய்தி, பிறகு உப அதிபர் செய்தி, பிறகு சங்கத் தலைவர் செய்தி என்று கேட்பார்கள். பெற்றோர் தேடி வருவது அனுமதி விண்ணப்பத்தையும் தவணைத் திகதியையும் தொலைபேசி எண்ணையும். செய்திகளைக் கீழே தள்ள நான் படும் பாட்டைத் தனியாக எழுதவேண்டும்.

நிலாவெளி, விடுதி நடத்துபவர்

தம்பி சொன்ன கதையைப் படித்ததும் எனக்குக் கை அரித்தது. எங்களுடையது சிறிய கெஸ்ட் ஹவுஸ். கொழும்பில் ஒரு டிசைனர் வெப்சைட் செய்து தந்தார். திறந்து பார்த்தால் கடலுக்கு மேல் மரக்கால் நட்டுக் கட்டிய குடில்கள்! மாலைதீவுப் படம். "ஐயா, இது சும்மா அழகுக்கு" என்றார். சீசனுக்கு வந்த வெள்ளைக்காரத் தம்பதி அந்தக் குடில் எங்கே என்று கேட்டபோது நான் மாமரத்தடி அறையைக் காட்டினேன். நல்ல சனங்கள், சிரித்தார்கள்.

கூகுள் வரைபடத்தில் எங்கள் விடுதி களப்புக்குள் நின்றது. இரவு பஸ்ஸில் வந்து இறங்கி ஓட்டோ பிடிப்பவர்கள் தண்ணீர்க் கரையில் நின்று போன் எடுப்பார்கள். திருத்தச் சொன்னால், அந்தக் கணக்கும் டிசைனரின் மின்னஞ்சலில்தான் இருந்தது. அவர் அப்போது டோஹாவில் வேலைக்குப் போய்விட்டார்.

பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைத்திருக்கும் இடத்துக்கான வாடகை), முன்பதிவு மென்பொருள் எல்லாவற்றுக்கும் பில் டொலரில். விருந்தினர் இல்லை, பெற்றோலுக்கு வரிசை, மின்வெட்டு. முன்பதிவு மென்பொருளை நிறுத்தினேன். மகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு பக்கம் செய்தாள். உண்மையான அறைப் படங்கள், விலை, வரைபடம், வட்ஸ்அப் பொத்தான், அவ்வளவுதான். புறாத்தீவுக்குப் படகு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் ஒழுங்காகப் போகும், மாரியில் கடல் கொந்தளிக்கும் என்றும் போட்டாள். "அப்படி எழுதினால் ஆள் வராது" என்று எல்லாரும் சொன்னார்கள். வருகிறார்கள். ஜனவரியில் வருபவர்கள் மழை பார்க்கவே வருகிறார்கள்.

பெரிய முன்பதிவுத் தளங்களிலும் நாங்கள் இருக்கிறோம், மறைக்கவில்லை. அறைக்காசில் 15 சதவீதம் அளவில் அவர்களுக்குப் போகும். ஒரு முறை வந்தவர் அடுத்த முறை நேராக வட்ஸ்அப்பில் கேட்டால் அந்தக் காசு மிஞ்சும். எங்களுக்கு வெப்சைட்டால் வந்த லாபம் இதுதான்.

உவர்மலை, வெப் வேலை செய்பவர்

ஐயா, மகளுக்கு வேலை வேண்டுமென்றால் சொல்லுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை.

கிண்ணியா, ஆசிரியர்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சாதாரண தர வரலாறு படிப்பிக்கிறேன். 2020 மார்ச் 13 முதல் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடிய பிறகுதான் இந்த வேலைக்குள் வந்தேன். முதலில் குறிப்புகளை போட்டோ எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு வாரத்தில் எது எந்தப் பாடம் என்று எனக்கே தெரியாமல் போனது. மச்சான் ஒருவர் இலவச வேர்ட்பிரஸ் தளம் திறந்து தந்தார்.

அவர் தந்த தீமில், அதாவது தளத்தின் தோற்ற அமைப்பில், முதல் பக்கத்தில் பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பிள்ளைகளிடம் இருந்தது வாப்பாவின் போன், அதில் சிறிய டேட்டா கார்ட். ஒரு பிள்ளை குரல் பதிவு அனுப்பினாள்: "சேர், படம் ஓடி முடியிறதுக்குள்ள டேட்டா முடியிது." அன்றிரவே படங்களை எடுத்தேன். ஸ்கேன் செய்த பெரிய பிடிஎப்களையும் எடுத்துவிட்டு, குறிப்புகளை எழுத்தாகவே போட முடிவெடுத்தேன்.

அங்கேதான் பாமினி வந்து நின்றது. என்னிடமிருந்த பழைய குறிப்புகள், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த வினாத்தாள்கள், எல்லாம் பாமினி எழுத்துருவில். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. தளத்தில் ஒட்டினால் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த குப்பை. எழுத்துரு மாற்றும் கருவி (மாற்றி) ஒன்றில் போட்டு, எல்லாக் கருவிகளும் படிக்கும் யுனிகோடாக்கினேன், வாசிக்க நன்றாக இருந்தது. ஆனால் 'கௌதம' என்று தேடினால் தளத்தில் அப்படி ஒன்றுமே இல்லை என்று வந்தது. பக்கம் கண்முன்னே இருக்கிறது! மண்டை காய்ந்துவிட்டது.

டவுன், அச்சகத்தில் டைப் செட்டிங்

சேர், அது எங்கள் ஆட்களின் வேலை. ஔகாரத்துக்குக் கொம்பு போட்டு எழுத்தைத் தட்டி பக்கத்தில் ளகரத்தைப் போடுவோம். தாளில் கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கு அது 'கெளதம', அதாவது கெ, ள என்று இரண்டு எழுத்து. 'கெளரவ', 'பெளர்ணமி' எல்லாம் அப்படித்தான் கிடக்கும். காலுக்குப் பதில் ரகரம் தட்டுபவர்களும் உண்டு. சேர் பாவித்த மாற்றி அவற்றைத் திருத்தவில்லை, தட்டியதைத்தான் மாற்றியிருக்கிறது. பாமினியில் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பிறகு தட்டுகிறோம், யுனிகோட் எழுத்தை முதலில் வைத்துக் கொம்பைப் பிறகு சேமிக்கிறது. அந்த இடமாற்றத்தை மாற்றிக் கருவி செய்துவிடும், ளகரத்தை அதற்குத் தெரியாது.

ஸ்ரீயிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, 2005இல் யுனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ இன்னொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். திருகோணமலையில் ஸ்ரீ இல்லாமல் தொடங்கும் கல்லூரி, கோயில், நகைக்கடை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

கிண்ணியா, ஆசிரியர்

ஆம், அதேதான். உயர்தர மாணவர்கள் இருவரைப் பிடித்துத் தேடி மாற்றும் வேலையைக் கொடுத்தேன். நான் இடமாற்றம் கிடைத்துக் கந்தளாய்ப் பக்கம் போனபோது தளத்தின் பொறுப்பையும் அவர்களிடமே கொடுத்துவிட்டேன். ஒருவர் இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறார், இன்னும் பழைய வினாத்தாள்களைப் போட்டுக்கொண்டிருக்கிறார். என் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டார், எடுக்கச் சொன்னேன்.

கோயில் விடயம் (ஊர் சொல்லவில்லை)

எங்கள் கோயில் பரிபாலன சபை இரண்டாகப் பிரிந்தது. வழக்கும் நடந்தது. வெப்சைட் பாஸ்வேர்ட் பழைய செயலாளரிடம். புதிய தரப்பு கேட்டது, அவர் தரவில்லை. அவர்கள் இன்னொரு வெப்சைட் செய்தார்கள். அதே கோபுரப் படம், அதே வரலாறு, ஒரு புள்ளி மாறாமல். வேறு இருந்தது வங்கிக் கணக்கு எண் மட்டும். லண்டனிலிருந்து ஒரு அக்கா போன் எடுத்து, "தம்பி, அபிஷேகத்துக்கு எந்தக் கோயிலுக்குக் காசு போட?" என்றார். ஒரே கோயில்தான் அக்கா என்று சொல்லவும் முடியவில்லை, இரண்டு என்று சொல்லவும் முடியவில்லை. ஐயரிடம் நேரே கொடுக்கச் சொன்னேன்.

அந்த வருடம் கொடியேற்றத் திகதியும் இரண்டு தளத்தில் இரண்டு விதமாக வந்தது. சரியானது எது என்று ஊருக்கே தெரிந்தது நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான்.

இரண்டு தரப்பும் ஒத்துப்போன விடயம் ஒன்று இருந்தது. தளத்தைத் திறந்தவுடன் சம்பந்தர் பதிகம் தானாக ஒலிக்கவேண்டுமாம். குரோம் 2018 ஏப்ரலிலிருந்து சத்தத்தோடு தானாக ஓடுவதைத் தடுக்கிறது என்று இரண்டு டிசைனர்களும் தனித்தனியே விளக்கியிருக்கிறார்கள், இரண்டு தரப்பும் தனித்தனியே நம்பவில்லை.

உவர்மலை, வெப் வேலை செய்பவர்

கோயில், சங்கம் வேலை வந்தால் இப்போது நான் முதலில் கேட்பது நிறத்தையோ லோகோவையோ அல்ல. டொமைன் யார் பெயரில், காசு யார் கார்டில், மின்னஞ்சல் யாருடையது என்று தாளில் எழுதிக் கையொப்பம் கேட்பேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போய்விட்டார்கள். போகட்டும். ஒரு சங்கத்தில் அந்தத் தாளை வைத்தே கூட்டம் இரவு பத்து மணி வரை இழுத்தது. வெப்சைட் செய்யாமலே சண்டை வெளியில் வந்துவிட்டது.

மூதூர், ஹாட்வெயார் கடை

நான் கடைக்கு ஒன்று செய்விக்க யோசிக்கிறேன். டொட் இலங்கை என்று தமிழிலேயே முகவரி எடுக்கலாம் என்கிறார்களே, எடுக்கலாமா? காசு கொடுப்பதென்றால் டிசைனரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாமா?

உவர்மலை, வெப் வேலை செய்பவர்

எடுக்கலாம் நானா. டொட் இலங்கைக்கு 2010இல் அனுமதி கிடைத்தது, பலகையில் எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சில மென்பொருள்கள் அதை எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கிலக் கோவையாகக் காட்டும், சில படிவங்கள் ஏற்றுக்கொள்ளாது. அதனால் கொம் டொட் எல்கே ஒன்றையும் எடுத்து வையுங்கள். தமிழ் முகவரியை அதற்குத் திருப்பிவிடலாம்.

டிசைனருக்குக் கூலியை மட்டும் கொடுங்கள். டொமைன் காசை நீங்களே கட்டுங்கள், ரசீது கடைப் பெயரில் இருக்கட்டும். கடைக்கென்று தனி ஜிமெயில் ஒன்று திறந்து, மீட்பு எண்ணாக உங்கள் போனையும் மீட்பு மின்னஞ்சலாக மகனுடையதையும் போடுங்கள். சீமெந்து விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்றால் விலைப்பட்டியலைத் தளத்தில் போடவே வேண்டாம், வட்ஸ்அப்பில் கேட்கட்டும். வியாபாரப் பதிவுப் பத்திரத்தின் பிரதி ஒன்று எடுத்து வையுங்கள், கொம் டொட் எல்கே எடுக்கும்போது கேட்கக்கூடும்.