மொட்டை மாடி மழைநீர்: மண்ணுக்குள் இறக்குவதா, தொட்டியில் பிடிப்பதா?

மாம்பலத்தான்:
மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும், பழையவை உட்பட, கட்டாயமாக்கிய 2003ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தைக் குறை சொன்னால் நம் சென்னையில் யாரும் காது கொடுப்பதில்லை. ஆனாலும் கேட்கிறேன். அமைப்பு இல்லாத வீட்டின் குடிநீர் இணைப்பையே துண்டிக்கலாம் என்று அவ்வளவு கண்டிப்பாகச் சட்டம் போட்டும், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலை ஏன் வந்தது?

என் வாதம் மண்ணைப் பற்றியது. மேற்கு மாம்பலம், தியாகராய நகர், அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கமெல்லாம் களிமண். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு மணி நேரத்தில் 30 மி.மீ. மழை பெய்தால், ஆவியாவதும் தெறிப்பதும் போக ஏறத்தாழ 2,500 லிட்டர் குழாயில் இறங்கும். மாடி நீரை மண்ணுக்குள் இறக்க வழக்கமாக நாம் வெட்டும் ஒரு மீட்டர் நீள அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குழியில் ஜல்லி நிரப்பிய பிறகு, இடைவெளிகளில் 600 லிட்டர்தான் நிற்கும். அது கால் மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். களிமண் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. வரையே உறிஞ்சும். குழியின் அடியும் நான்கு பக்கச் சுவரும் சேர்ந்தாலும் மணிக்கு 35 லிட்டரைத் தாண்டாது. மீதி முழுவதும் தெருவுக்குத்தான் போகிறது. அந்தப் பணத்தில் பெரிய சம்ப் (தரைக்கடித் தொட்டி) கட்டிக் கூரை நீரை நேரடியாகப் பிடித்துப் பயன்படுத்துவதே அறிவுடைமை என்பது என் கருத்து.

கிழக்குக்கடல்:
நண்பர் மாம்பலத்தான் அவர்களின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது அவர் தெருவின் கணக்கு. திருவான்மியூர், பெசன்ட் நகர், கொட்டிவாக்கம் வரிசையில் மணல். இங்கே குழியில் விழும் நீர் கண் எதிரிலேயே உள்ளே போய்விடுகிறது. எங்களுக்கு இது கோடைத் தண்ணீரைப் பற்றிய கவலை மட்டுமன்று, கடலைப் பற்றிய கவலையும் ஆகும். கடலோர மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரைத் தள்ளி வைக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய விதி. அந்த ஒரு மீட்டரை உறிஞ்சி எடுத்துவிட்டால் உப்பு மேலேறும். ஏறிய உப்பை இறக்க எத்தனை பருவமழை ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எங்கள் மாடி நீரைச் சம்பில் அடைத்துக்கொண்டு நிலத்தைப் பட்டினி போடச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

சம்ப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மி.மீ. என்றால், அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆயிரம் சதுர அடி மாடியிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். உங்கள் 12,000 லிட்டர் சம்ப் இரண்டு நாள் அடைமழையில் நிரம்பிவிடும். அதுவும் அது காலியாக இருந்தால்தான்! மழைக்காலத்தில் குடிநீர் வாரியத் தண்ணீரும் தடையின்றி வருவதால், மழை தொடங்கும்போதே சம்ப் பாதிக்கு மேல் நிறைந்திருப்பதைத்தான் நான் எங்கும் பார்க்கிறேன்.

மாம்பலத்தான்:
மழை மாதங்களில் வாரியத் தண்ணீரின் வால்வை மூடிவைத்தால் சம்பில் இடம் தானாக உண்டாகும். அதைச் செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை என்பது வேறு விஷயம். உப்புநீர் பற்றிய வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மண்ணுக்குள் நான் விட்ட நீர் யாருடையது? 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின்படி, தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரை எடுக்கும் உரிமை நிலத்தின் உரிமையாளருக்கு உண்டு. சென்னையில் நிலத்தடி நீரை முறைப்படுத்த 1987இல் தனிச் சட்டமே வந்த பின்பும், என் குழிக்கு மூன்று மனை தள்ளி ஒருவர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நாள் முழுவதும் லாரிகளை நிரப்பி விற்றால் அதை நான் தடுக்க வழியில்லை. சேமிக்கும் கடமை எனக்கு, விற்கும் உரிமை அவருக்கு என்றால், அந்தக் கடமையை ஏற்க ஒரு குடும்பத்தை எப்படி இணங்க வைப்பீர்கள்?

நீர்க்கணக்கு (ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்):
இருவரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். ஜல்லி நிரப்பிய சிறு குழிதான் மழைநீர் சேகரிப்பு என்ற எண்ணமே தவறு. களிமண் பகுதிக்கு வேண்டியது உறை கிணறு. 3 அடி விட்டத்தில் சிமென்ட் உறைகளை 16 அடி ஆழம் வரை இறக்கி, உள்ளே எதையும் நிரப்பாமல் விட்டால், ஏறத்தாழ 3,200 லிட்டர் நிற்கும். நண்பர் சொன்ன ஒரு மணி நேர மழை முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும். அதைவிட முக்கியம், மேலே கிடக்கும் களிமண் அடுக்கைத் துளைத்து அதன் கீழுள்ள மணல் அல்லது சிதைந்த பாறை அடுக்கைத் தொடும் ஆழம் வரை அதை வெட்ட வேண்டும். அவ்வளவு ஆழம் போகாமல் களிமண்ணுக்குள்ளேயே நின்றுவிடும் கிணறு வெறும் தொட்டிதான்.

யாருக்குப் பயன் என்ற கேள்விக்கும் மண்ணடுக்கிலேயே விடை இருக்கிறது. குழியிலும் உறை கிணற்றிலும் இறங்கும் நீர் முதலில் மேல்மட்ட நீரைத்தான் உயர்த்துகிறது. பாறை வெடிப்பிலிருந்து இழுக்கும் 300 அடி ஆழ்துளைக் கிணற்றுக்கு அது உடனே போய்ச் சேராது. ஆகவே திறந்த கிணறு வைத்திருக்கும் வீடு முதல் மழைக்குப் பின்னரே மாற்றத்தைக் காண்கிறது. கிணற்றை மண் கொட்டி மூடிவிட்டு அதன் மேல் கார் நிறுத்துகிற வீடு காண்பதில்லை. நகரமெங்கும் கிணறுகளை மூடிவிட்டு, சேகரிப்பால் பயனில்லை என்று சொல்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அவசரத்தில் சிலர் மாடிக் குழாயை நேரடியாக ஆழ்துளைக் கிணற்றுக்குள் செருகிவிடுகிறார்கள். மண் வடிகட்ட வாய்ப்பே இல்லாமல் புறா எச்சமும் தூசியும் அடிநீருக்குப் போய்விடும். தயவுசெய்து அதை யாரும் செய்ய வேண்டாம்.

வேப்பமரம்:
வேளச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் மேலே கொஞ்சம் மண்ணும் கீழே கெட்டிப் பாறையும்தான். பெருமழைக் காலத்தில் நிலம் ஏற்கெனவே ததும்பி நிற்கிறது; 2015 டிசம்பரில் தரைத்தளம் மூழ்கிய வீடுகளுக்கு உறை கிணறு என்ன உதவி செய்திருக்கும்? தாழ்வான பகுதியில் மாடி நீரையும் அதே மண்ணுக்குள் தள்ளுவதைவிட, சம்பில் பிடித்து மீதியை ஏரிக்கோ கால்வாய்க்கோ ஒழுங்காகக் கொண்டுபோவதையே அரசு செய்ய வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

கிழக்குக்கடல்:
வேப்பமரம் அம்மா சொல்வது டிசம்பருக்குப் பொருந்தும். ஆனால் கோடை முழுவதும் காய்ந்து கிடந்த நிலத்தில் தென்மேற்குப் பருவத்தின் மாலை மழைகளும் அக்டோபர் முதல் மழைகளும் விழும்போது, மண்ணில் இடம் நிறைய இருக்கிறது. அந்த நீரைத் தெருவில் ஓடவிட்டுவிட்டு, நிலம் ததும்பிய பிறகு குழி வேலை செய்யவில்லை என்று அளப்பது முறையாகாது. மழைநீர் சேகரிப்பு வெள்ளத் தடுப்புக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களை நானும் மறுப்பேன்.

மாம்பலத்தான்:
அப்படியானால் என் கோரிக்கையைத் திருத்தமாக வைக்கிறேன். மணலுக்கும் களிமண்ணுக்கும் பாறைக்கும் ஒரே அளவுக் குழியைக் காட்டிச் சான்றிதழ் வாங்கும் நடைமுறை போக வேண்டும். திட்ட அனுமதியின்போதே மனையின் மண்ணடுக்கைக் கேட்க வேண்டும். திறந்த கிணற்றை மூடத் தடை வேண்டும். லாரிக்கு நீர் விற்பதை நிறுத்தாதவரை, சேமிக்கும் கடமை எனக்கு, விற்கும் உரிமை அவருக்கா என்ற என் கேள்வி அப்படியேதான் நிற்கும். நீர்க்கணக்கு ஐயா அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: எங்கள் மனையில் களிமண் எவ்வளவு ஆழத்தில் முடிகிறது என்பதைப் பெருஞ்செலவில்லாமல் எப்படி அறிவது?

நீர்க்கணக்கு:
பக்கத்து மனையில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களிடம், எத்தனை அடியில் எந்த மண் வெளிவந்தது என்று முதலில் விசாரியுங்கள். பிறகு கையால் திருகும் துளைக்கருவியைக் கொண்டு 20 அடி வரை ஒரு துளை போட்டு, ஒவ்வொரு அடிக்கும் மண்ணை எடுத்து விரலில் உருட்டிப் பாருங்கள். திரியாக உருளும்வரை களிமண், உதிரத் தொடங்கினால் மணல் வந்துவிட்டது. துளையை நீரால் நிரப்பி நன்றாக ஊற விட்டு, மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். மே மாதத்தில் செய்தால் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். உறை கிணற்றின் அடியை அந்த மட்டத்துக்கு மேலேயே நிறுத்திக்கொள்ளலாம். சம்ப் நிரம்பி வழியும் குழாயை அந்தக் கிணற்றுக்குத் திருப்பிவிடுங்கள். பருவத்தின் முதல் மழையில் மாடி கழுவிய நீரை மட்டும் வெளியே விடத் தனி வால்வு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.