'கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்': வந்த நாடா, பிறந்த நாடா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இறக்குமதிச் சரக்குகளுக்கான பொட்டல வாசகங்கள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சரக்கு முதலில் எந்த நாட்டில் விளைந்தது அல்லது உருவானது என்பதைக் குறிக்கும் 'கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்' என்பதற்கு, நம் குழுவில் இதுவரை வந்துள்ள தமிழ்ச் சொற்களை, என் மேசையில் இருக்கும் கிராம்புப் பொட்டலத்தை வைத்தே பார்க்கிறேன். மடகாஸ்கரில் விளைந்து, சிங்கப்பூரில் கப்பல் மாறி, சென்னையில் இறங்கி, இங்கே பொட்டலமான சரக்கு அது.

'வந்த நாடு' எளிமையானது என்கிறார் கோவை நண்பர். ஆனால் நம் பெயரெச்சம் வேற்றுமை உருபை விழுங்கிவிடுகிறது. 'கிராம்பு வந்த நாடு' என்பதை நீங்கற்பொருளில் ஐந்தாம் வேற்றுமையாக ('நாட்டிலிருந்து வந்தது' என்று) விரித்தால் மடகாஸ்கர் அல்லது சிங்கப்பூர், நான்காம் வேற்றுமையாக ('நாட்டுக்கு வந்தது' என்று) விரித்தால் இந்தியா. 'தோற்ற நாடு' என்பதைப் படித்ததும் போரில் தோற்ற நாடுதான் நினைவுக்கு வருகிறது. 'மூல நாடு' மூலப்பொருளை நோக்கி இழுக்கிறது.

பெரும்பாலோர் ஏற்றிருப்பது 'உற்பத்தி நாடு'. அதை நான் மறுப்பது அது வடசொல் என்பதால் அல்ல. 'உத்பத்தி' என்பதற்கு வடமொழியில் தோன்றுதல், பிறத்தல் என்பதே பொருள். சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுப் பொட்டலப் பொருள் விதிகள், இறக்குமதிப் பொருளுக்கு 'ஆரிஜின்', 'மேனுஃபேக்சர்' (செய்து உருவாக்குதல்), 'அசெம்பிளி' (பாகங்களை இணைத்தல்) என மூன்றையும் 'அல்லது' போட்டு அடுத்தடுத்து வைக்கின்றன. முதலாவதற்கே 'உற்பத்தி' என்று எழுதிவிட்டால் இரண்டாவதற்கு என்ன எழுதுவது?

பட்டினப்பாலை இந்த வேறுபாட்டை வினையிலேயே காட்டியிருக்கிறது. 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும்' என்று கடல்வழி வந்த குதிரைக்கு 'வந்த' என்கிறது. 'வடமலைப் பிறந்த மணியும் பொன்னும், குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும்' என்னுமிடத்தில் 'பிறந்த' என்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்த சரக்கைப் பாடும் வரிகளே இவை. பயணத்துக்கு ஒரு வினை, பிறப்புக்கு வேறொரு வினை.

'பிறப்பு' உயிருள்ளவற்றுக்கே உரியது என்ற மறுப்பை, அங்கே மலையில் பிறக்கும் பொன்னே தீர்த்துவைக்கிறது. 'பிறந்த நாடு' என்று எழுதினால் தாய்நாடு என்ற உணர்வு ஒட்டிக்கொள்ளும் என்ற ஆசிரியர் ஐயாவின் தயக்கம் நியாயமானது. ஆகவே பெயரெச்சத்தை விட்டுப் 'பிறப்பு நாடு' என்கிறேன். துறைமுகத்தில் எல்லோரும் 'ஆரிஜின்' என்றுதானே சொல்கிறார்கள் என்பதும் உண்மையே. ஆனால் இந்தப் பொட்டலத்தைப் படிக்கப்போவது மளிகைக்கடையில் நிற்பவர்.

வெள்ளிக்கிழமைக்குள் இசைவு வராவிட்டால் 'உற்பத்தி நாடு' அச்சாகட்டும், நான் தடுக்கவில்லை. சொற்பட்டியலில் மட்டும் 'பிறப்பு நாடு' என்பதையும் மாற்றுச்சொல்லாகச் சேர்த்து, எதிரே கிராம்பை எடுத்துக்காட்டாக எழுதிவிடுங்கள்.