டாக்காவுக்கு 2.45 டாலர், எனக்கு மட்டும் 2.24?

நொய்யல்_கரை:
வணக்கமுங்க. திருப்பூர்ல 40 மெஷின் போட்டு பனியன் யூனிட் ஓட்டறேன். ஏஜென்ட் மூலமா ஜெர்மனி ஆர்டர் ஒண்ணு வந்துச்சு. சாதா ரவுண்ட் நெக், 20,000 பீஸ். நான் 2.60 டாலர் சொன்னேன். டாக்காவுல 2.45-க்கு தர்றாங்கன்னாரு. பல்லைக் கடிச்சுட்டு நானும் 2.45-க்கே பண்றேன்னேன். "இல்லீங்க, உங்களுக்கு 2.24"ங்கறாரு! அதே பனியன்தானுங்க. நம்மூர் நூலை வாங்கித்தான் அவங்களும் ஓட்டறாங்க. இது என்னங்க நியாயம்?

பழைய_மெர்ச்சண்டைசர்:
ஏஜென்ட் ஏமாத்தலை தம்பி. 2.24-ஐ 1.096-ஆல பெருக்குங்க, 2.455 வரும். நான் வேலையில இருந்த வரைக்கும் நம்ம பனியனுக்கு ஐரோப்பாவுல 9.6 சதவீதம் வரி, அதுவும் சலுகை போக. பின்தங்கிய நாடுங்கறதால பங்களாதேஷுக்கு 2001-ல இருந்தே அங்க வரி இல்லை. கப்பல் வாடகையை விட்டுட்டுப் பார்த்தா, வாங்கற ஜெர்மனிக்காரருக்கு ரெண்டு பீஸும் ஒரே விலைதான்.

சாயக்கை:
வரி மட்டும்னு சொல்லாதீங்கண்ணா. 2011 ஜனவரியை மறந்துட்டீங்களா? வெளிநாட்டுத் துணியைத் தைச்சு அனுப்பினாக்கூட வரி வேண்டாம்னு ஐரோப்பா பங்களாதேஷுக்கு விதியைத் தளர்த்துனது அந்த மாசம். நொய்யல் கெட்டுப்போச்சுன்னு ஹைகோர்ட் உத்தரவுல நம்ம சாயப்பட்டறைங்க மூடுனதும் அதே மாசம். எங்க பட்டறையும் அதுல ஒண்ணு. ஆத்துக்குப் பண்ணுன பாவம் எங்களுதுதான், மறுக்கலை. ஆனா துணி ரெடியா இருந்தும் சாயம் போட ஆளில்லாம ஆர்டர் போனதைக் கண்ணால பார்த்தேன்.

பழைய_மெர்ச்சண்டைசர்:
உண்மைதான். இன்னொண்ணு, டாக்கா பக்கத்துல காஜிப்பூர்ல நான் பார்த்த கம்பெனியில நிட்டிங்ல இருந்து அட்டைப்பெட்டி வரைக்கும் ஒரே காம்பவுண்டு. நம்ம துணியோ சாயத்துக்கு ஒரு பக்கம், துணி சுருங்காம அழுத்தி எடுக்கற காம்பேக்டிங்குக்கு ஒரு பக்கம்னு டெம்போவுலயே பாதி நாள் சுத்துது. அவங்களுக்கு ஆரம்பமே பெரிய அளவுலதான். 1979-ல அவங்க ஊர் தேஷ் கார்மெண்ட்ஸ் கம்பெனி 130 பேரை கொரியாவுல டேவூ கம்பெனிக்கு அனுப்பிப் பழக்குச்சு. கொரியாவுக்கு அப்ப கோட்டா நெருக்கடி, அதாவது இவ்வளவுதான் அனுப்பலாம்னு வாங்கற நாடுங்க வெச்ச அளவு, தைக்க வேற நாடு தேவைப்பட்டுது. பழகி வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல பின்னாடி வெளியேறி வேற கம்பெனிங்களை வளர்த்தாங்க. கொரியா தையல் தொழில் அப்புறம் எங்க போச்சுன்னு சொல்லணுமா?

நொய்யல்_கரை:
அப்ப அந்தப் பின்தங்கிய நாடுங்க பட்டியல்ல இருந்து பங்களாதேஷ் வெளிய வந்தா நமக்கு விடிவுகாலமுங்களா?

பழைய_மெர்ச்சண்டைசர்:
2026 நவம்பர்னு நாள் குறிச்சிருந்தாங்க. வந்தாலும் ஐரோப்பா சலுகை இன்னும் மூணு வருஷம் ஓடும். அதுவரைக்கும் 40 மெஷினை வெச்சுட்டு 20,000 பீஸ் சாதா பனியன் பின்னாடி ஓடாதீங்க.

நொய்யல்_கரை:
விட்டுட்டேனுங்கண்ணா. அதே ஏஜென்ட்கிட்ட 6 கலர்ல 1,500 பீஸ் குழந்தைங்க டிரெஸ் கிடக்குது, சின்ன ஆர்டர்னு டாக்காவுல யாரும் தொடலையாம். 3.10 சொல்லியிருக்கேன். இன்னும் பதில் வரலைங்க.