கணக்கில் 882 ஓம், மீட்டரில் 64 ஓம்: உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

குண்டுபல்பு

செய்முறைத் தேர்வு. 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு. மின்தடையைக் கணக்கிட்டு, பிறகு அளந்து சரிபார்க்க வேண்டும். 230-இன் வர்க்கம் 52,900. அதை 60-ஆல் வகுத்து 882 ஓம் என்று எழுதினேன். பிறகு பல்பின் அடியில் மல்டிமீட்டர் முனைகளை வைத்தால் 64 காட்டுகிறது. முனைகளைத் துடைத்தேன், மீட்டரை மாற்றினேன். அதே 64. நேரமாகிவிட்டது, கை நடுங்க 882-ஐ அடித்துவிட்டு 64 என்று எழுதிக் கொடுத்தேன்.

தேர்வாளர் அந்த அடித்தல் கோட்டின்மேல் சிவப்புப் பேனாவை வைத்தபடி, "பல்பு எரியும்போதா அளந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் விழித்தேன். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். டங்ஸ்டன் இழை எரியும்போது 2,000 டிகிரி செல்சியசையும் தாண்டுகிறது, ஆறிய நிலையில் அதன் தடை பத்தில் ஒரு பங்குகூட இராது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

கரிந்தவளையம்

என் கணக்கு சரியாகவே இருந்தது, பாதியில் நிறுத்தியதுதான் பிழை. 24 வோல்ட் பெட்டியில் ஓர் எல்இடி. அதற்கு 2 வோல்ட் போக மீதி 22. 20 மில்லியாம்பியருக்கு 1,100 ஓம். கையில் 1 கிலோ ஓம் இருந்தது, போட்டேன். வாட் கணக்குப் போடவில்லை. 22 வோல்ட், 22 மில்லியாம்பியர்: கிட்டத்தட்ட அரை வாட். நான் வைத்ததோ கால் வாட் ரெசிஸ்டர்.

சில நாள் கழித்துத் திறந்தால் கருகிய வாடை. ரெசிஸ்டரின் மதிப்பைச் சொல்லும் நிற வளையங்கள் பழுப்பு (1), கறுப்பு (0), சிவப்பு (பின்னால் இரண்டு சுழி) என்றிருந்தன. அவற்றில் சிவப்பு கறுத்து, பின்னால் சுழியே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டிருந்தது. உடன் வேலை செய்தவர் வளையங்களைப் படித்துவிட்டு, "இங்கே யார் 10 ஓம் வைத்தது?" என்றார். அப்போது சிரித்தேன், ஆனால் அவர் அதை நம்பி 10 ஓம் வைத்திருந்தால்?

திறன்காரணி

முதல் பதிவருக்கு: நீங்கள் அடித்ததுதான் தவறு. இரண்டு எண்களும் சரி. ஒன்று எரியும் பல்புக்கு, மற்றது அணைந்த பல்புக்கு. சுவிட்சைப் போட்ட கணத்தில் அந்த 64 ஓம் வழியாக மூன்றரை ஆம்பியருக்கு மேலும் பாயலாம். குண்டு பல்புகள் பெரும்பாலும் போடும்போதே போவது இதனால்தான்.

இரண்டாமவருக்கு: எல்இடி ஓம் விதிக்குக் கட்டுப்படாது. அதற்குப் போய் வகுத்தல் கணக்குப் போடுவானேன்?

என் கதை சின்னது. மோட்டாரில் கிளாம்ப் மீட்டர் 5 ஆம்பியர் காட்டியது. 230-ஆல் பெருக்கி 1,150 வாட் என்று உரிமையாளரிடம் அடித்துச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வாட் மீட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். 800. மாறுமின்னோட்டத்தில் திறன் காரணியாலும் (வோல்ட், ஆம்பியர் பெருக்கத்தில் எத்தனை பங்கு உண்மையில் வாட் ஆகிறது என்ற எண்) பெருக்க வேண்டும் என்று படித்தவன்தான் நான். அந்தப் பெயரை இங்கே வைத்துக்கொண்டதும் அதற்காகத்தான்.

கரிந்தவளையம்

நான் எல்இடிக்கு வகுக்கவில்லை ஐயா. அதன் 2 வோல்ட்டைக் கழித்துவிட்டு ரெசிஸ்டருக்குத்தான் வகுத்தேன். பதிவை இன்னொருமுறை படியுங்கள்.

பழைய‌ஃபியூஸ்

10 ஆம்பியர் ஹீட்டர், தளர்ந்த சாக்கெட். சுவரில் 230 வோல்ட், ஹீட்டர் முனையில் 225. ஐந்து வோல்ட்தானே என்று விட்டேன். அந்த ஐந்தைப் பத்தால் பெருக்கினால் 50 வாட். இரண்டு சாலிடரிங் அயர்ன் அளவு சூடு ஒரு ப்ளக் முனையில். பிடுங்கியபோது சாக்கெட்டின் வாய் மெழுகாக இழுபட்டு வந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆம்பியர் அளந்து முடித்ததும் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே வோல்ட் அளக்கப் போனால் அது நேரடி ஷார்ட். மலிவான மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்குப் பெரும்பாலும் ஃபியூஸே இருக்காது. மின்சாரம் இருக்கும் சுற்றில் ஓம் அளக்காதீர்கள். மின்தேக்கி இருந்தால் முதலில் அதில் தேங்கியிருக்கும் மின்னூட்டத்தை இறக்குங்கள். மில்லியாம்பியரை ஆயிரத்தால் வகுத்த பிறகே கணக்கைத் தொடங்குங்கள். 10 வோல்ட்டுக்கு 20 மில்லியாம்பியரை 20 என்றே போட்டு, அரை ஓம், 200 வாட் என்று விடை எழுதி, அதைச் சந்தேகிக்காமல் ரெசிஸ்டர் தேடப் போன ஒருவரை எனக்குத் தெரியும். ரெசிஸ்டரின் வாட் அளவு கணக்கில் வருவதைப்போல் இரு மடங்கு இருக்கட்டும். இன்னும் இருக்கிறது, கேட்டால் எழுதுகிறேன்.

குண்டுபல்பு

மீட்டர் அறிவுரைக்கு நன்றி, சாக்கெட் கதையை இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

திறன்காரணி சொன்னதைப் படித்ததும் 12 வோல்ட், 21 வாட் கார் பல்பு ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். எரியும்போது 12 வோல்ட், 1.75 ஆம்பியர். வகுத்தால் 6.9 ஓம். அணைத்து, ஆறவிட்டு, மீட்டரை வைத்தேன்: 0.8. மகிழ்ச்சியாக எழுதிக்கொண்டேன். பிறகு ஏதோ நினைவில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டேன். பல்பே இல்லாமல் 0.3 காட்டுகிறது.

மறுபடியும் ஓர் எண்ணை அடித்தேன். இந்த முறை 0.5 என்று எழுதும்போது கை நடுங்கவில்லை.