ரிப்போர்ட்டில் எல்லாம் பாஸ், கியர்பாக்ஸில் மட்டும் ஊளைச் சத்தம்: எங்கே தேடுவது?

கேட்டவர் (அசெம்பிளி பிரிவு)

வணக்கம். மின்வாகன ரிடக்‌ஷன் கியர்பாக்ஸில் முதல் ஜோடி பற்றிய சந்தேகம். பினியன் (சிறிய கியர்) 23 பல், வீல் (பெரிய கியர்) 71 பல், இரண்டும் ஹெலிக்கல், அதாவது சாய்ந்த பல். கேஸ் கார்பரைசிங் (மேற்பரப்பைக் கடினமாக்குவது) முடிந்த பிறகு, புழு வடிவக் கல் வைத்த தொடர் கிரைண்டிங்கில் முடிக்கிறோம். வரைபடம் கேட்பது கியர் துல்லியத்துக்கான ஐஎஸ்ஓ 1328-இன் 6-ஆம் தரம். ப்ரொஃபைல் (பல்லின் வடிவம்), லீட் (பல்லின் நீளவாட்டுக் கோடு), பிட்ச் (பல் இடைவெளி), ரன் அவுட் (மையம் விலகி ஓடுவது) எல்லாம் அதற்குள் வசதியாக நிற்கின்றன. மாஸ்டர் கியரோடு (ஒப்பிடுவதற்கான துல்லியமான கியர்) ரோல் டெஸ்டரில் ஓட்டியபோதும் குறை தெரியவில்லை.

ஆனால் கடைசிச் சோதனை மேடையில் சில பெட்டிகள் மட்டும் ஊளையிடுகின்றன. பினியன் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது 1425 ஹெர்ட்ஸில் ஒரு கூர்மையான சத்தம். பல்லோடு பல் கடிக்கும் அதிர்வெண் 23 × 50, அதாவது 1150 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 2300. 1425 இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. 4500 சுற்றில் அதே சத்தம் 2138-க்குப் போகிறது, அதனால் வேகத்தோடு கட்டுப்பட்டதுதான். இழுக்கும்போதும் கேட்கிறது, வேகம் குறையும்போதும் கேட்கிறது.

பல் நுனியில் டிப் ரிலீஃபை (நுனியைச் சற்றே குறைத்து அரைப்பது) கூட்டலாம் என்று இங்கே பேச்சு ஓடுகிறது. வடிவமைப்பில் கை வைப்பதற்கு முன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

அசெம்பிளி அனுபவம் உள்ளவர்

முதலில் பேரிங்கைப் பாருங்கள். கடிப்பு அதிர்வெண்ணுக்குச் சம்பந்தமில்லாத சத்தம் என்றால் பெரும்பாலும் அங்கேதான் போய் முடியும். சத்தம் போடும் பெட்டியின் வீலை அமைதியான பெட்டிக்கு மாற்றுங்கள். சத்தம் வீலோடு போகிறதா, பெட்டியிலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

சத்தம்–அதிர்வு வேலையில் இருப்பவர்

வீலை மாற்றிப் பார்க்கும் யோசனை சரி, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் நீங்கள் கொடுத்த எண்களே பாதி பதிலைச் சொல்லிவிடுகின்றன.

சத்தத்தின் அதிர்வெண்ணை ஒவ்வொரு தண்டின் சுழல் அதிர்வெண்ணாலும் வகுத்துப் பாருங்கள். பினியன் வினாடிக்கு 50 சுற்று. 1425-ஐ 50-ஆல் வகுத்தால் 28.5. முழு எண் இல்லை. வீல் வினாடிக்கு 50 × 23 ÷ 71 = 16.197 சுற்று, வகுத்தால் 87.98, அதாவது 88. 4500 சுற்றுக்கும் கணக்குப் போட்டேன், அங்கேயும் 88-தான். வீல் ஒரு முறை சுற்றும்போது 88 முறை ஏதோ நடக்கிறது. பல்லோ 71-தான் இருக்கிறது.

பேரிங்காக இருந்தால் இவ்வளவு துல்லியமாக முழு எண் வருவது அபூர்வம். உருளைகளின் எண்ணிக்கை, விட்டம், தொடுகோணம் எல்லாம் சேர்ந்து பின்ன எண்ணைத்தான் தரும்.

இதைப் பேய் அதிர்வெண் என்பார்கள். பழைய ஹாபிங் (பல் வெட்டும்) இயந்திரங்களில், வேலைப்பொருள் நிற்கும் மேசையைச் சுழற்ற ஒரு பெரிய இண்டெக்ஸ் சக்கரம் இருக்கும். அதன் பற்களின் பிழை வெட்டப்படும் கியரில் அச்சாக இறங்கும். இண்டெக்ஸ் சக்கரத்தில் 120 பல் என்றால், வெட்டிய கியரில் எத்தனை பல் இருந்தாலும் 120-ஆவது ஆர்டரில், அதாவது ஒரு சுற்றுக்கு 120 முறை, சத்தம் வரும். இப்போதைய கிரைண்டிங் இயந்திரங்களில் அந்தச் சக்கரம் இல்லை. ஆனால் வேலைப்பொருளைச் சுழற்றும் மோட்டார், என்கோடர் (சுழல் கோணத்தை அளக்கும் கருவி), கல்லின் ஸ்பிண்டில், டிரஸ்ஸிங் உருளை (கல்லைச் செதுக்கிச் சீராக்குவது) எல்லாம் அதே வேலையைச் செய்ய முடியும்.

டிப் ரிலீஃப் கடிப்பு அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் வரும் சத்தத்துக்கான மருந்து. இந்த 88-ஐ அது தொடாது. வடிவமைப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. வீலை மாற்றினோம், சத்தம் வீலோடு போனது. ஆனால் அதே வீலின் அளவை ரிப்போர்ட் குறையில்லாமல் இருக்கிறது. இது எப்படி?

அளவை அறையில் இருப்பவர்

நீங்கள் எத்தனை பல்லை அளக்கிறீர்கள்? வழக்கமாகச் சுற்றளவில் சம தூரத்தில் நான்கு பல், இரண்டு பக்கம். அந்த ரிப்போர்ட் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: விலகல் எவ்வளவு பெரியது? அந்த விலகல் பல்லுக்குப் பல் ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று அது கேட்பதே இல்லை. காதோ அந்தத் தாளத்தைத்தான் கேட்கிறது. டாலரன்ஸ் பல மைக்ரான் இருக்கும் இடத்தில், கால் மைக்ரான் அலை 71 பல்லிலும் ஒழுங்காக ஓடினால், மின்வாகனத்தில் அது தனியாகத் தெரியும். மூடி மறைக்க எஞ்சின் சத்தம் இல்லை.

உங்கள் விஷயத்தில் 71 பல்லுக்கு 88 அலை. அதாவது ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குப் போகும்போது அலை கிட்டத்தட்ட கால் பங்கு நகர்கிறது (17-ஐ 71-ஆல் வகுத்தால் 0.24). நான்கு பல்லின் சராசரி எடுத்தால் அலையில் பெரும்பகுதி கரைந்துவிடும். அடுத்தடுத்த ஐந்து பல்லின் ப்ரொஃபைல் சார்ட்டை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மேடு ஒவ்வொரு பல்லிலும் கால் பங்கு நகர்ந்து, ஐந்தாவது பல்லில் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வரும். மென்பொருள் இல்லாமலே கண்ணில் படலாம். அளவு பெருக்கத்தை நன்றாகக் கூட்டி வையுங்கள், வழக்கமான சார்ட்டில் அது வெறும் கோடு நடுங்குவது போலத்தான் இருக்கும்.

முறையாகச் செய்வதென்றால் 71 பல்லையும் அளந்து, ஒவ்வொரு புள்ளியையும் சக்கரத்தின் சுழல் கோணத்துக்கு ஏற்ப வரிசையாகக் கோர்த்து, சைன் அலைகளாகப் பிரிக்க வேண்டும். புதிய கியர் அளவை இயந்திரங்களில் இதற்கான பகுப்பாய்வு கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: இவ்வளவு சின்ன அலை அளவை இயந்திரத்தின் மேசையிலிருந்தும் வரலாம். கியரைக் கழற்றி, சில பல் தள்ளித் திருப்பி மாட்டி, மறுபடி அளங்கள். மேடு அதே பற்களோடு போனால்தான் கியரின் குறை.

ரோல் டெஸ்டரில் தெரியாததும் ஆச்சரியமில்லை. அதில் பல்லின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொடும். மைய தூரம் ஏறி இறங்குவதைத்தான் அது காட்டும். ரன் அவுட்டுக்கும் அடிபட்ட தடத்துக்கும் அது அருமையான கருவி. சுழற்சியில் வரும் பிழையைப் பார்க்க ஒற்றைப் பக்கச் சோதனை வேண்டும். அதாவது உண்மையான மைய தூரத்தில் ஓட்டி, இரண்டு தண்டிலும் என்கோடர் வைத்து, கோண வித்தியாசத்தைப் பதிவு செய்வது.

கிரைண்டிங் பிரிவில் இருப்பவர்

அலை உறுதியானதும் இயந்திரத்துக்கு வாருங்கள். கல்லின் வேகத்தை மட்டும் மாற்றி (மேசை வேகமும் அதோடு சேர்ந்தே மாறும்), சில வீல்கள் அரைத்து, ஆர்டரைப் பாருங்கள். பம்ப், ஃபேன், தரை அதிர்வு மாதிரி நிலையான அதிர்வெண்ணில் ஆடும் ஒன்று காரணம் என்றால், மேசை வேகம் மாறியதும் 88 வேறு எண்ணாகிவிடும். 88 அப்படியே நின்று அலையின் உயரம் மட்டும் மாறினால், சுழற்சியோடு கட்டுண்ட ஒன்றுதான் காரணம். கூடவே இயந்திரத்தின் ஒத்ததிர்வு அதைப் பெருக்குகிறது என்றும் பொருள். உதாரணமாக ஐந்து தொடக்கம் (புழு வடிவக் கல்லின் தனித்தனி இழைகள்) உள்ள கல் 4500 சுற்று ஓடினால் மேசை நிமிடத்துக்கு 317 சுற்று. 88 மடங்கு என்றால் 465 ஹெர்ட்ஸ். கல்லை 4000-க்குக் குறைத்தால் அது 413 ஆகும்.

அடுத்து, அதே இயந்திரத்தில் வேறு பல் எண்ணிக்கை உள்ள ஒரு கியரை அளங்கள். அங்கேயும் 88 வந்தால் மேசைப் பக்கம். கல்லின் பக்கம் என்றால் பல் எண்ணிக்கையைக் கல்லின் தொடக்கங்களால் வகுத்த விகிதத்தில் ஆர்டர் நகரும்.

கேட்டவர்

எல்லாம் செய்து பார்த்தோம். சத்தம் போட்ட வீல்களில் 88-இல் தெளிவான சிகரம், கிட்டத்தட்ட 0.3 மைக்ரான். அமைதியான வீல்களில் 0.1-க்கும் கீழே. திருப்பி மாட்டியபோது அலை கியரோடுதான் போனது. சத்தம் போட்டவை எல்லாம் ஒரே கிரைண்டிங் இயந்திரத்தில் வந்தவை. அதில் அரைத்த வேறொரு கியரிலும் 88. கல்லின் வேகத்தைக் குறைத்தால் ஆர்டர் நகரவில்லை, உயரம் குறைந்தது.

மேசை மோட்டாரின் விவரத்தைப் பார்த்தோம்: 44 துருவ ஜோடி (காந்தத்தின் வட–தென் ஜோடிகள்). 88 அதன் சரியான இரட்டிப்பு!

கிரைண்டிங் பிரிவில் இருப்பவர்

அப்படியென்றால் கிடைத்துவிட்டது. மேசையை நேரடியாகச் சுழற்றும் இந்த மாதிரி டார்க் மோட்டாரில் துருவ ஜோடிக்கு இரண்டு மடங்கில் துடிப்பு வந்தால், மூன்று ஃபேஸ்களின் மின்னோட்ட அளவீடு ஒன்றுக்கொன்று சமமாக இல்லை என்பது முதல் சந்தேகம். ஒரு மடங்கில் வந்தால் மின்னோட்டத்தில் ஆஃப்செட் (பூஜ்ஜியம் நகர்ந்திருப்பது). மோட்டாரை இயக்கும் டிரைவின் மின்னோட்ட அளவீட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அது முடியும் வரை குறைந்த கல் வேகத்தில் அரைத்து உற்பத்தியை ஓட்டலாம்.

கேட்டவர்

சர்வீஸ் ஆட்கள் டிரைவைச் சரிசெய்தார்கள். பழைய வேகத்திலேயே 88 இப்போது அமைதியான வீல்களின் அளவுக்கு இறங்கிவிட்டது, மேடையிலும் சத்தம் இல்லை. இன்னும் ஒரு கேள்வி. அளவை இயந்திரத்திலிருந்து கிரைண்டிங் இயந்திரத்துக்குத் திருத்தம் தானாகப் போகும் இணைப்பு எங்களிடம் உண்டு. அது இதை ஏன் பிடிக்கவில்லை? இனி எல்லா வீலையும் முழுதாக அளக்க வேண்டுமா?

அளவை அறையில் இருப்பவர்

அந்த இணைப்பு அழுத்தக் கோணம், ஹெலிக்ஸ் கோணம், பல் தடிமன் மாதிரி சராசரிப் பிழைகளைத் திருத்தத்தான். அலைக்கு அனுப்ப அதனிடம் திருத்தமே கிடையாது.

எல்லா வீலையும் 71 பல் அளந்தால் வரிசை நின்றுவிடும். டிரஸ்ஸிங் உருளை மாற்றியதும், புதிய கல் மாட்டியதும், ஸ்பிண்டிலிலோ டிரைவிலோ கை வைத்ததும் ஒரு வீலை முழுதாக அளங்கள். வரைபடத்தில் ஆர்டர் வாரியாக ஒரு எல்லைக் கோடு சேர்க்கச் சொல்லுங்கள். ஆர்டர் ஏற ஏற எல்லை இறங்க வேண்டும், ஏனென்றால் வேகமான அலை சின்னதாக இருந்தாலும் அதிகம் உறுத்தும். சோதனை மேடையில் ஒவ்வொரு பெட்டியின் ஆர்டர் பதிவையும் அரைத்த இயந்திரத்தின் எண்ணோடு சேர்த்துச் சேமியுங்கள். 88 மறுபடி ஏற ஆரம்பித்தால் சத்தம் காதுக்கு எட்டும் முன்பே அந்தப் பதிவில் தெரியும்.