ரெடிமேட் டெம்ப்ளேட்டை நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸுக்கு மாற்றினேன்: லோடர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கரோசலைக் காணோம்

கோடம்பாக்கம்_கோடர்

புரசைவாக்கத்தில் ஒரு கேட்டரிங் கடைக்கு வெப்சைட். கடைக்காரர் காசு கொடுத்து ஒரு எச்டிஎம்எல் டெம்ப்ளேட் வாங்கி, "இதே மாதிரி வேணும்" என்று கையில் கொடுத்துவிட்டார். 14 பக்கங்கள். டிசைனுக்கு பூட்ஸ்டிராப் 4, ஸ்கிரிப்டுக்கு பழைய லைப்ரரியான ஜேகுவெரி, நகரும் படவரிசைக்கு ஆவ்ல் கரோசல், ஸ்க்ரோல் அனிமேஷனுக்கு ஏஓஎஸ். இதை ரியாக்ட் லைப்ரரியின் மேல் வெப்சைட் கட்டும் நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸுக்கு, அதன் ஆப் ரவுட்டர் முறையில் கொண்டுவர வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டும் உண்டு.

முகப்புப் பக்கத்தின் பாடியை அப்படியே ஒட்டி, கிளாஸை கிளாஸ்நேம் ஆக்கி, பத்து ஸ்கிரிப்டையும் லேஅவுட்டில் போட்டேன். இப்போது:

1. சில சமயம் லோடர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கம் தெரிவதே இல்லை.
2. வேறு பக்கம் போய் முகப்புக்குத் திரும்பினால் கரோசல் இருந்த இடமே காலி.
3. கன்சோலில் ஹைட்ரேஷன் எரர் (சர்வர் அனுப்பிய பக்கமும் பிரவுசரில் ரியாக்ட் எதிர்பார்க்கும் பக்கமும் பொருந்தவில்லையாம்).
4. தமிழ்த் தலைப்புகளில் மேல் சுழி வெட்டுப்படுகிறது.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

பரங்கிமலை_பிக்சல்

முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஒவ்வொரு கிளிக்குக்கும் பக்கம் முழுசாக மறுபடி லோட் ஆகும் என்று நம்பி எழுதிய டெம்ப்ளேட் அது. நெக்ஸ்டில் லிங்கை அழுத்தினால் பக்கம் மறுலோட் ஆவதில்லை, உள்ளடக்கம் மட்டும் மாறும்.

லோடர்: டெம்ப்ளேட்டின் மெயின் ஸ்கிரிப்ட், விண்டோவின் 'லோட்' நிகழ்வு வந்தால்தான் லோடரை மறைக்கும். நெக்ஸ்டின் ஸ்கிரிப்ட் காம்பொனென்ட் அந்த ஃபைலைத் தாமதமாக ஓட்டுவதால், சில நேரம் அந்த நிகழ்வு ஏற்கெனவே முடிந்திருக்கும். பிறகு மறைக்க ஆளில்லை. இதைச் சரிசெய்ய மெனக்கெடாதீர்கள், லோடரையே தூக்கிவிடுங்கள். எச்டிஎம்எல் சர்வரிலிருந்தே தயாராக வருகிறது. அதன்மேல் லோடர் போடுவது, பரிமாறிய இலையைத் தட்டு போட்டு மூடுவது மாதிரி.

கரோசல்: ஆவ்லின் சிஎஸ்எஸ்ஸைத் திறந்து பாருங்கள். 'ஆவ்ல்-கரோசல்' கிளாஸுக்கு டிஸ்ப்ளே நன் என்று இருக்கும். பிளகின் ஓடி 'ஆவ்ல்-லோடட்' சேர்த்த பிறகுதான் தெரியும். ஜேகுவெரியின் ரெடி ஃபங்ஷன் ஒரே முறைதான் ஓடும். நீங்கள் திரும்பி வரும்போது ரியாக்ட் புதிதாகப் போட்ட டிவ்வை யாரும் தொடுவதில்லை, அதனால் மறைந்தே கிடக்கிறது. ஏஓஎஸ்ஸிலும் இதே கதைதான்: அதன் சிஎஸ்எஸ் பகுதிகளை ஒபாசிட்டி 0-வில் வைத்துவிட்டு, ஸ்கிரிப்டுக்காகக் காத்திருக்கும்.

பக்கம் திரையில் வந்த பிறகு ரியாக்ட் ஓட்டும் யூஸ்எஃபெக்டுக்குள் ஆவ்லை மறுபடி தொடங்கினால் கொஞ்ச நாள் ஓடும். ஆனால் ஆவ்ல் உங்கள் ஸ்லைடுகளைப் பிடுங்கித் தன் சொந்த டிவ்களுக்குள் வைக்கும். ரியாக்டுக்கு அது தெரியாது. ஸ்லைடுகள் மாறும்போது பழைய இடத்தில் போய் நீக்கப் பார்த்து, 'ரிமூவ்சைல்ட்' எரரோடு விழலாம். ஆகவே ஜேகுவெரியை வெளியே அனுப்புங்கள். கரோசலுக்கு ஸ்வைப்பர் அல்லது எம்ப்ளா. மொபைல் மெனு திறந்து மூட ஒரு யூஸ்ஸ்டேட் போதும். ஏஓஎஸ் வேண்டுமென்றே கடைக்காரர் சொன்னால், கிளையன்ட் காம்பொனென்ட் ஒன்றில் தொடங்கி, யூஸ்பாத்நேம் தரும் பக்க முகவரி மாறும்போதெல்லாம் ஏஓஎஸ்ஸின் ரிஃப்ரெஷ்ஹார்ட் கூப்பிடுங்கள். எந்தப் பிளகினை எஃபெக்டில் தொடங்கினாலும் அழிக்கும் வரியும் அங்கேயே இருக்கட்டும். டெவலப்மென்டில் ரியாக்டின் சோதனை முறையான ஸ்டிரிக்ட் மோட் எஃபெக்டை இரண்டு முறை ஓட்டும், அந்த வரி இல்லையென்றால் அம்புக்குறி இரண்டு ஜோடி வந்து நிற்கும்.

ஹைட்ரேஷன்: மூன்று இடம் பாருங்கள். விலைப்பட்டியல் டேபிளில் டிபாடி இல்லையென்றால் பிரவுசர் தானே சேர்த்துக்கொள்ளும், ரியாக்டின் கணக்கு உதைக்கும். பி டேகுக்குள் டிவ் இருந்தாலும் அப்படியே. மூன்றாவது, "இன்றைய மெனு" மாதிரி தேதி பார்த்து மாறும் பகுதி. சர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடும், சென்னை அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை சர்வர் நேற்றைய கிழமையைச் சொல்லும், போன் இன்றையதைச் சொல்லும். நேர மண்டலத்தை ஏஷியா/கொல்கத்தா என்று குறிப்பிட்டே எழுதுங்கள். ஸ்டாட்டிக்காகப் பில்ட் செய்த பக்கமென்றால் பில்ட் செய்த நாளின் மெனுவே உறைந்து நிற்கும். அதை பிரவுசரில்தான் கணக்கிட வேண்டும்.

வேலை வரிசை: 14 பக்கத்தில் கடைக்கு எது தேவை என்று முதலில் கழியுங்கள், ஐந்தாறுதான் தேறும். ஹெடர், ஃபூட்டரை வெட்டி லேஅவுட்டுக்கு. படங்கள் பப்ளிக் ஃபோல்டருக்கு. சிஎஸ்எஸ்ஸை இம்போர்ட் செய்தால் அதிலுள்ள பின்னணிப் படங்களின் பாதை உடையும். அவற்றை முன்சாய்கோட்டோடு தொடங்கும்படி மாற்றுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு செக்‌ஷன்.

சிறுசேரி_ஷிஃப்ட்

எல்லாம் சரி பாஸ், ஆனா கேட்டரிங் சைட்டுக்கு நெக்ஸ்ட் எதுக்கு? லாகின் கிடையாது, கார்ட் கிடையாது. ஸ்டாட்டிக் சைட் கட்டுற ஆஸ்ட்ரோல போட்டா கிளாஸ் கிளாஸாவே இருக்கும், ஸ்டைல் ஆட்ரிபியூட்டை ஆப்ஜெக்ட்டா மாத்த வேணாம், எஸ்விஜில ஹைஃபனைத் தேடித் தேடி எடுக்க வேணாம். எச்டிஎம்எல்லை அப்படியே கொட்டலாம். பழைய ஸ்கிரிப்டுக்கு 'இஸ்:இன்லைன்' போட்டா தொடாம விட்டுடும். லிங்க் அழுத்தினா பக்கம் முழுசா லோட் ஆகும், ஆவ்லும் சமத்தா ஓடும். ஒண்ணு மட்டும்: மறுலோட் இல்லாம பக்கத்தை மாத்துற கிளையன்ட்ரவுட்டரைச் சேர்த்துடாதீங்க. சேர்த்தா பிக்சல் சொன்ன கரோசல் பிரச்சினை திரும்ப வந்து நிக்கும்.

பரங்கிமலை_பிக்சல்

ஒத்துக்கொள்கிறேன். ஆன்லைன் ஆர்டர், கணக்கு என்று பின்னால் வரப்போகிறது என்றால் மட்டும் நெக்ஸ்ட்.

மயிலை_எழுத்துரு

நாலாவது கேள்வியை யாரும் தொடவில்லை. பூட்ஸ்டிராப் தலைப்புகளுக்கு வரி உயரம் 1.2. ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. தமிழில் மேலே 'கீ' சுழி, கீழே 'ழு' வளைவு. இரண்டு வரித் தலைப்பில் ஒன்றையொன்று இடிக்கும், ஓவர்ஃப்ளோ ஹிடன் இருக்கும் பெட்டியில் வெட்டுப்படும். 1.5-க்கு ஏற்றுங்கள். பட்டன்களில் நிலையான உயரத்தை எடுத்துவிட்டுப் பேடிங் கொடுங்கள். லெட்டர்-ஸ்பேசிங்கைத் தமிழ்ப் பக்கத்தில் பூஜ்யமாக்குங்கள், இல்லையென்றால் எழுத்துகள் பல்வரிசை உதிர்ந்தது போல நிற்கும்.

டெம்ப்ளேட்டில் பாப்பின்ஸ் இருந்தால் அதில் தமிழ் எழுத்தே கிடையாது. விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று ஆளுக்கொரு முகம் தெரியும். முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய நான்கும் கூகுள் ஃபான்ட்ஸில் உண்டு. நெக்ஸ்ட் ஃபான்டில் சப்செட்டாகத் தமிழையும் சேர்க்க மறந்தால் அந்த எழுத்துகள் முன்கூட்டியே இறங்காது, முதலில் வேறு எழுத்துருவில் வந்து பிறகு குதிக்கும்.

மெனுவும் பார்க்கணும். 'கான்டாக்ட்' என்பது 'தொடர்புக்கு' ஆகும்போது 992 பிக்சல் அகலத் திரையில் இரண்டாவது வரிக்கு வழியும். மூன்று கோட்டு ஹாம்பர்கர் பட்டனை 1200 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

கோடம்பாக்கம்_கோடர்

ஆஸ்ட்ரோவுக்கே போகிறேன், ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் என்கிறார் கடைக்காரர். பூட்ஸ்டிராப் 4-ஐ 5 ஆக்கிவிடலாமா?

சிறுசேரி_ஷிஃப்ட்

ஆக்கிடுங்க. 4-க்கு ஆதரவு 2023 ஜனவரியோட நின்னுபோச்சு. 5-ல டேட்டா-டாகிள் எல்லாம் டேட்டா-பிஎஸ்-டாகிள்; எம்எல், எம்ஆர் ரெண்டும் எம்எஸ், எம்இ; ஃபார்ம்-குரூப், ஜம்போட்ரான் கிடையாது. கண்ணை மூடிட்டு ரீப்ளேஸ் ஆல் அடிக்காதீங்க. 'எம்எல்-'னு தேடினா 'எச்டிஎம்எல்-'னு வர்ற கிளாஸ் வாலும் சேர்ந்து மாறும். முழுச் சொல்லாத் தேடுங்க.

அப்புறம் கான்டாக்ட் ஃபார்ம். டெம்ப்ளேட்டோட வர்ற மெயில் பிஎச்பி ஃபைல் ஸ்டாட்டிக் ஹோஸ்டிங்ல ஓடாது. வாட்ஸ்அப்தானே, ஃபார்மை எடுத்துட்டு அந்த இடத்துல பெரிய வாட்ஸ்அப் பட்டனா வெச்சிடுங்க. டெமோ படத்தையும் மாத்துங்க. நிறைய டெம்ப்ளேட்ல லைசன்ஸுக்குள்ள படம் வராது, அதுவுமில்லாம புரசைவாக்கம் கேட்டரிங் சைட்ல பாஸ்தா தட்டு எதுக்கு?